ஆள் உள்ளே

மாலை ஆறேகால் மணி. செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே அவள் மேசைக்குப் போய் மடிக்கணினியின் மூடியைத் திறந்தாள்.

மலை தெரிந்தது. பனி மூடிய மலை, அதன்மேல் மணி, அதற்குக் கீழே கடவுச்சொல் கேட்கும் வெள்ளைக் கட்டம்.

மலை வரக் கூடாது. மத்தியானம் மூடியைச் சாத்தித் தூங்க வைத்துவிட்டுப் போனால், மாலையில் திறக்கும்போது எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். ஒலிப்பதிவு நிறுத்திய நொடியில், தட்டச்சுப் பக்கம் பாதி வாக்கியத்தில், தேடி எடுத்த பெயர்களும் சொற்களும் அடுத்தடுத்த ஜன்னல்களில். தூக்கத்திலிருந்து எழும்போது கடவுச்சொல் கேட்காதபடி தம்பி வைத்துக் கொடுத்திருந்தான். மலை வந்தால் மெஷின் தூங்கி எழவில்லை, செத்துப் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

அவள் பேச்சைக் கேட்டு எழுதுகிறவள். கூட்டங்கள், விசாரணைகள், பேட்டிகள் எல்லாம் ஒலிப்பதிவாக வரும். காலை முழுவதும் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வாள். மத்தியானம் பல் மருத்துவமனை வரவேற்பு மேசைக்குப் போவாள். மாலையில் திரும்பி வந்து மறுபடி உட்காருவாள். இப்போது கையில் இருந்தது ஏதோ ஒரு சங்கத்தின் பொதுக்குழு. யார் பேசுவது என்று தெரியாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு குரலை இன்னொரு குரலிலிருந்து சிக்கெடுத்துப் பிரித்து, இது தலைவர், இது பொருளாளர், இது கடைசி வரிசையில் கத்துகிறவர் என்று நினைவில் நிறுத்தித்தான் மூடியைச் சாத்துவாள். மறுபடி முதலிலிருந்து தேடுவது, அவிழ்த்த பின்னலை இருட்டில் பின்னுவது மாதிரி.

மடிக்கணினி பழசு. போன மாதம் பாட்டரி வீங்கி, விசைப்பலகை நடுவில் புடைத்துக்கொண்டு வந்தது. கடைக்காரர் பாட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டார். இந்த மாடலுக்குப் புதியது கிடைக்க நாளாகும், அதுவரை நேராகக் கரண்ட்டில் ஓட்டுங்கள் என்றார். அதாவது சுவிட்ச் அணைந்தால் மெஷினும் அணையும். முதல் நாளே அவளே மேசை விளக்கின் சுவிட்ச் என்று நினைத்து அதைத் தட்டிவிட்டு, காலை முழுவதும் செய்ததைத் தொலைத்தாள்.

அன்று மாலை கணவர் வேலையிலிருந்து ஒரு டேக் கொண்டுவந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். சிவப்பு பிளாஸ்டிக் அட்டை, மேலே ஓட்டை, ஓட்டையில் நைலான் கயிறு. 'ஆள் உள்ளே. தொடாதே' என்று வெள்ளை எழுத்து. சுவிட்சுக்கு மேலே ஓர் ஆணி அடித்து, அட்டை சரியாகச் சுவிட்சை மறைக்கும்படி கயிற்றை முடிந்து தொங்கவிட்டார்.

"இனிமே உன் அப்பனே வந்தாலும் கை வைக்க மாட்டான்" என்றார்.

"எங்கப்பா போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷமாச்சு."

"அப்ப இன்னும் நல்லது."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இப்போது அவள் கைப்பையை இறக்கி வைத்தாள். அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதை விலக்கிப் பார்த்தாள். சுவிட்ச் போட்டபடி இருந்தது. சமையலறைக்குப் போய் மைக்ரோவேவ் அடுப்பின் மணியைப் பார்த்தாள். கரண்ட் போய் வந்திருந்தால் அது பூஜ்யங்களாகச் சிமிட்டும். சரியான மணியைக் காட்டியது. அவளுக்கு எரிச்சலைவிடப் பயமாக இருந்தது. ஏன் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, மறுபடியும் செத்துப் பொழைச்சுதா?"

"செத்ததையும் நான் பாக்கல, பொழைச்சதையும் பாக்கல. வந்து தெறந்தா குளிச்சு முழுகி உக்காந்திருக்கு."

"அதுக்குத் தூக்கத்துல நடக்கற வியாதி. இரு, உள்ள வரேன்."

அவன் வேறு ஊரில் ஏதோ கம்பெனியில் கணினிகளை மேய்ப்பவன். அங்கிருந்தபடியே அவள் மெஷினுக்குள் வருவான். சுட்டி அம்பு தானாக நகர்வதை அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். ஆளில்லாத நாற்காலி தானாக நகர்வதைப் பார்ப்பது போல இருக்கும். மெஷின் தனக்குத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளை அவன் திறந்தான். சிவப்பு வட்டம் போட்ட ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது.

"எதிர்பாராததுன்னா?"

"என்னாச்சுன்னு அதுக்கே தெரியலன்னு அர்த்தம். தூங்கப் போனது ஞாபகம் இருக்கு. எழுந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு தெரியல."

"இதுக்கு மேல பயமுறுத்தாத."

முதலில் அப்டேட்டைச் சந்தேகப்பட்டான். யாரும் பார்க்காதபோது தானாக இறங்கித் தானாக ரீஸ்டார்ட் செய்துகொள்ளும் என்றான். அதை நிறுத்தினான். மறுநாள் மலை வந்தது. அடுத்தது தூக்கத்திலிருந்து எழுப்பும் அலாரங்கள். எல்லாவற்றையும் அணைத்தான். மலை வந்தது. திரைக்கான டிரைவர் பழசு என்றான், புதியது போட்டான். மவுஸின் சிறிய செருகியைக் கழற்றச் சொன்னான். நினைவகத்தைச் சோதிக்க ஒரு நீலத் திரையை ஓடவிட்டான், அது காலைநேரம் முழுவதையும் விழுங்கிவிட்டுக் குறை ஏதுமில்லை என்றது. ஒவ்வொரு முறையும் இதுதான் இதுதான் என்றான். ஒவ்வொரு மாலையும் அவள் மூடியைத் திறக்குமுன் ஒரு கணம் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். சூடாக இருந்தால் ஓடியிருக்கிறது. குளிர்ந்திருந்தால் தூங்கியிருக்கிறது. சூடாகவே இருந்தது.

கணவர் சாப்பிட்டபடி வேடிக்கை பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. கை மட்டும் உடம்புக்கு ஒட்டாத பெரிய கை.

"உன் தம்பி என்ன, கிணறு வெட்டறானா? எங்க வேலையில ஒரு லிஃப்ட் நின்னா பத்து நிமிஷத்துல காரணம் சொல்லணும். உள்ள மாட்டினவன் குய்யோ முறையோன்னு கத்திக்கிட்டிருப்பான்."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. "லிஃப்ட்டுக்கு மேல, கீழ ரெண்டு திசைதான் மாமா தெரியும். இது கம்ப்யூட்டர்."

"நடுவுல நிக்கவும் தெரியும்டா. உங்கக்காவைக் கேளு, எத்தனை நாள் சாப்பாடு ஆறிப்போச்சுன்னு."

தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு தம்பி சிரிப்பில்லாத குரலில், "அக்கா, இதைக் கொஞ்சம் தனியாப் பேசணும், அப்புறம் கூப்பிடறேன்" என்றான்.

மறுநாள் காலை கூப்பிட்டான். எல்லா நிறுத்தங்களும் மதியம் ஒன்றரையைச் சுற்றியே நடக்கின்றன என்றான். மென்பொருள் குற்றமாக இருந்தால் இத்தனை ஒழுங்காக நடக்காது. கரண்ட் போனால் மெஷின் அணையும். கரண்ட் வந்ததும் தானாக எழும்படி அவனேதான் வைத்திருந்தான், பாட்டரி இல்லாத மெஷின் என்பதால்.

"வீட்டுக்கே கரண்ட் போகல. அப்ப அந்த ஒரு பாயின்ட்ல மட்டும் போய்ப் போய் வருது. இல்லன்னா யாரோ அணைச்சுப் போடறாங்க. ஒன்றரைக்கு வீட்ல யாரு?"

கணவர் விடியலில் போய், மத்தியானம் சாப்பிட வருவார். அரை மணி படுப்பார். திரும்பப் போவார்.

"மாமாகிட்ட சும்மா கேளேன்."

"டேக் மாட்டினதே அவர்தான்டா."

"அதனாலதான் கேக்கச் சொல்றேன். டேக் மாட்டினவர் மட்டும்தானே அதைத் தொடலாம்?"

அவள் கேட்டாள். மாலையில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதையோ நினைவு வந்தவள் போல.

"ஏங்க, மத்தியானம் அந்தச் சுவிட்சை ஏதாவது தொட்டீங்களா?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். கோபம்கூட இல்லை. அதற்கும் மேலே ஒன்று.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். டேக் தொங்கற சுவிட்சைத் தொட்டவன் எவனும் எங்கிட்ட ரெண்டாவது நாள் வேலை பாத்ததில்ல. நான் தொடுவேனா?"

"சும்மா கேட்டேன்."

"உன் தம்பி கேக்கச் சொன்னானா?"

"இல்ல."

"அவன்கிட்ட சொல்லு, அவனால கண்டுபிடிக்க முடியலன்னா முடியலன்னு சொல்லச் சொல்லு. பழியை ஏன் பக்கத்து வீட்டுல போடறான்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே சுவிட்ச் பலகையைத் திறந்தார். மெயினை இறக்கினார். மல்டிமீட்டரை முதலில் தன் கைவிளக்கின் பாட்டரியில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு கம்பியில் வைத்தார். திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். ஒரு கம்பியின் கருகல்கூட இல்லாத முனையை அவளிடம் திருப்பிக் காட்டினார். பெரிய விரல்கள் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி வேலை செய்தன. அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிலும் பிசகில்லை. பலகையை மூடி, அட்டையை ஆணியில் மாட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி நேராக்கினார்.

"பாயின்ட் தங்கம். கோளாறு மெஷின்லதான். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு."

அவளுக்கு அழுகை வரும் அளவுக்கு நிம்மதியாக இருந்தது. கோளாறு மெஷினில். வாங்கிவிடலாம்.

திங்கட்கிழமை விடியலில் கணவரை அழைத்துப் போக அவருடைய கூட்டாளி பைக்கில் வந்தார். இரண்டு பேரும் ஒன்றாக வேலை செய்கிறவர்கள். கணவர் மேலே மோட்டார் அறையில் இருப்பார், கூட்டாளி கீழே லிஃப்ட் குழியில் இறங்குவார். வாயைத் திறந்து ஒரு முழு வார்த்தை பேச மாட்டார் என்பதால் அவருக்கு முனகல் என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் 'ம்' தான். அன்று கணவர் கழிப்பறையில் இருந்தபோது முனகல் வாசலில் நின்றபடி, வழக்கத்துக்கு மாறாக அவளைப் பார்த்தார்.

"அண்ணி. அண்ணன் சரியா தூங்கறாரா?"

"ஏன், என்னாச்சு?"

"ம். ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம நீங்க பேச மாட்டீங்களே."

முனகல் ஹெல்மெட்டின் பட்டையை இழுத்து விட்டார். கணவர் வந்துவிட்டார். "என்னடா, என் பொண்டாட்டிகிட்ட கச்சேரி நடத்தறியா? எங்கிட்ட வாய்ல கொழுக்கட்டையா?" என்றார். முனகல் 'ம்' என்றார். போய்விட்டார்கள்.

அன்று மாலை மூடி சூடாக இருந்தது.

புதன்கிழமை பல் மருத்துவர் வரவில்லை. காத்திருந்தவர்களுக்கு வேறு நாள் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் மதியமே கிளம்பினாள். வேண்டுமென்றே போகவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பேருந்தில் ஜன்னலோரம் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

அவர் படுத்திருப்பார் என்று சாவியை மெதுவாகத் திருப்பினாள். நடையில் நின்று ஒரு செருப்பைக் கழற்றினாள். நடையிலிருந்து பார்த்தால் கூடமும் மேசையும் தெரியும். படுக்கையறைக் கதவு திறந்தது.

பனியன், வேலைக் கால்சட்டை. கண் திறந்திருந்தது. தண்ணீர் குடிக்க வருகிறார் என்று நினைத்தாள். ஏங்க என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அவர் மேசை முன்னால் நின்றார். சிவப்பு அட்டையைப் பார்த்தார். அதை ஒரு விரலால் விலக்கிச் சுவிட்சைப் பார்த்தார். அவர் தோள்கள் விறைத்தன. தெருவில் குழந்தை ஓடும்போது லாரியைப் பார்த்தவர் தோள்கள் அப்படி விறைக்கும்.

டக்கென்று அணைத்தார். மூடியிருந்த மெஷினின் ஓரத்தில் மூச்சு விடுவது போல மின்னிக்கொண்டிருந்த வெள்ளைப் புள்ளி நின்றது.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் தொழிலில் அந்த அட்டை தொங்கினால் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கிறான், ஆகவே கரண்ட் இல்லை. அதற்குத்தான் அந்த அட்டை. இவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அதைப் போட்ட சுவிட்சின்மேல் மாட்டினார்கள். தினமும் மத்தியானம் அவர் எழுந்து வருகிறார். ஆள் உள்ளே என்ற அட்டையையும் போட்டபடி இருக்கும் சுவிட்சையும் பார்க்கிறார். யாரையோ காப்பாற்றுகிறார்.

அத்தோடு நின்றிருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஓடிப்போய் அவர் முதுகில் அடித்திருப்பாள்.

அவர் அட்டையை ஆணியிலிருந்து எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டார். தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து, "போடறேன்" என்றார். கத்தவில்லை. ஆழமான இடத்துக்குள் இறக்கி விடுகிற நீண்ட குரல். அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. ஆனால் அந்த வழக்கத்தைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார், பெருமையாக, பல தடவை. மேலே இருப்பவன் போடறேன் என்பான். கீழே இருப்பவன் குழியை விட்டு ஏறி வெளியே வந்து பதில் சொல்வான். பதில் வராமல் சுவிட்ச் மேலே கை போகாது. பதில் வராவிட்டால் சாயங்காலம் வரை நின்றாலும் நிற்க வேண்டியதுதான்.

அவர் காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

அவளும் கேட்டாள். காதை வைத்துப் பிழைக்கிறவள். இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் ஒற்றை முனகலைக்கூடத் தோண்டி எடுத்து எழுதுகிறவள். குளிர்பெட்டி ஓடியது. மேல் வீட்டில் குழாய் திறந்து மூடியது. வேறு எதுவும் இல்லை.

அவர் தலையை ஆட்டினார். "சரி" என்றார். சுவிட்சைப் போட்டார்.

மெஷினுக்குள் விசிறி சுழலத் தொடங்கியது. அவர் அட்டையை எடுத்த இடத்தில் மாட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி நேராக்கிவிட்டுப் படுக்கையறைக்குத் திரும்பினார். நடைப்பக்கம் பார்க்கவே இல்லை.

அவள் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். லிஃப்ட் அதே மாடியில் கதவைத் திறந்தபடி நின்றது. அவள் படியில் இறங்கினாள்.

பேருந்து நிறுத்தத்தின் இரும்புப் பலகையில் உட்கார்ந்தாள். இரண்டு பேருந்துகள் வந்து போயின. தூக்கம்தான் என்று சொல்லிப் பார்த்தாள். தூக்கத்தில் எழுந்து நடக்கிறவர்கள் எத்தனையோ பேர். அலுப்பு. விடியலில் எழுந்து வெயிலில் அலைகிற உடம்பு. கை பழகிய வேலையைச் செய்கிறது, ஆள் தூங்குகிறான். அப்படியென்றால் ஒன்றுமில்லை. ஆனால் கண் திறந்திருந்தது. தூங்கினாரா விழித்திருந்தாரா என்பதைவிட அந்தத் தலையாட்டல்தான் அவள் நெஞ்சில் சிக்கிக்கொண்டது. சொல்லாத பதில் அவருக்குக் கேட்டிருக்கிறது. வீட்டில் கேட்கிறது, சரி. அங்கேயும் கேட்டால்? முனகல் வாசலில் ஹெல்மெட் பட்டையை இழுத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. முழு வார்த்தை பேசாத மனிதர். அவர் சொல்கிற 'ம்'முக்கும் சொல்லாத 'ம்'முக்கும் எத்தனை வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

மாலை வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள்.

"மத்தியானம் தூங்கினீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க தூங்கறது? படுத்தேன். கண்ணை மூடித் தெறந்தேன். மணியாயிடுச்சு, ஓடினேன்."

"நடுவுல எழுந்திருக்கலையா?"

"கட்டையைப் போட்ட மாதிரி கிடந்தேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. களைப்பா தெரியறீங்க."

அவர் முகத்தில் பொய் இருக்கிறதா என்று தேடினாள். பொய்யாக இருந்துவிடாதா என்றுதான் தேடினாள். பொய் சொல்கிறவருக்கு என்ன நடந்தது என்று தெரியும். அவர் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அவர் போனதும் அட்டையை எடுத்து, பழைய சார்ஜர்கள் கிடக்கும் இழுப்பறையில் போட்டாள். சுவிட்சின்மேல் செலோடேப்பைக் குறுக்காக ஒட்டினாள்.

அன்று மாலை மூடி குளிர்ந்திருந்தது. திறந்தாள். பொருளாளர் பாதி வாக்கியத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. வாரக் கடைசி வரை அப்படியே.

"பாத்தியா? கடைசியா ஒரு டிரைவர் மாத்தினேனே, அதுதான்" என்றான் தம்பி. "மாமாகிட்ட சொல்லு, லிஃப்ட்காரங்க எங்ககிட்ட டியூஷன் வரலாம்னு."

"சொல்றேன்."

"என்னக்கா, சந்தோஷமே இல்ல? கொள்ளி போட்டுட்டு வந்தவ மாதிரி பேசற."

"வேலை ஜாஸ்திடா."

அவனிடம் சொல்லலாம். சொன்னால் மருத்துவரிடம் கூட்டிப் போ என்பான். மருத்துவர் என்ன வேலை என்று கேட்பார். கம்பெனிக்குத் தெரியும். மேலே இருந்து சுவிட்ச் போடுகிற வேலையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள். அதை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தது. தெரிந்தும் ஒரு நாள் தள்ளினாள். இன்னொரு நாள் தள்ளினாள். விசித்திரம் என்னவென்றால், மலை வந்த நாட்களில் இருந்ததைவிட இப்போது பயம் அதிகம். அப்போது மெஷினாவது சொல்லிக்கொண்டிருந்தது. தினமும் மூடிமேல் கை வைத்தால் போதும், இன்றைக்கும் நடந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இப்போது அந்த ஒரு சாட்சியின் வாயையும் அவளே கட்டிவிட்டாள். போன் அடிக்கும்போதெல்லாம் வேலையிடமோ என்று பார்த்தாள். பல் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் பெயரை இரண்டு முறை தப்பாகக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை. கணவர் சாப்பிட்டு முடித்துக் கைப்பையில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இருபது மாடிக் கட்டிடம், கம்பிவடம் மாற்றுகிற வேலை, நாள் முழுக்க ஆகும் என்று சொல்லியிருந்தார். கீழே முனகலின் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"இன்னிக்கு ஒரு டேக் குறையுது. அதை எடுத்துக்கறேன்" என்று மேசைப் பக்கம் வந்தவர் நின்றார். ஆணி வெறுமனே இருந்தது. சுவிட்சின்மேல் செலோடேப்.

"டேக் எங்க?"

"எடுத்து வச்சிருக்கேன்." இழுப்பறையைத் திறந்து கொடுத்தாள். கயிறு ஒரு சார்ஜரோடு சிக்கியிருந்தது. அவர் பொறுமையாகப் பிரித்தார்.

"ஏன் கழட்டின?"

"மெஷின் சரியாயிடுச்சு. அதான்."

"உன் தம்பி டிரைவர் மாத்தினதாலன்னு சொன்னியே."

"ஆமா."

"டிரைவர் எப்ப மாத்தினான்?"

"போன சனிக்கு முந்தின சனிக்கிழமையோ என்னவோ."

"அதுக்கப்புறமும் நின்னுச்சே. நான் ஞாயித்துக்கிழமை பலகையைத் தெறந்து பாத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்த." சிக்கு பிரிந்துவிட்டது. அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இதை எப்ப கழட்டின?"

அவள் சார்ஜர்களை இழுப்பறைக்குள் அடுக்கினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"வியாழக்கிழமை."

"எப்பலேர்ந்து நல்லா ஓடுது?"

கீழே ஹாரன் அடித்தது. ஒரே ஒரு முறை, சின்னதாக.

அவர் கதவுப் பக்கம் திரும்பவில்லை. கோளாறு தேடும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும் போல. அவள் அந்த முகத்தை வேலையிடத்தில் பார்த்ததில்லை. எதைக் கழற்றியபோது கோளாறு நின்றதோ, அங்கிருந்து ஒவ்வொரு கம்பியாகப் பின்னால் போகிற முகம். அட்டையைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். ஆணிக்குக் கீழே, போட்டபடி இருக்கும் சுவிட்சைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"போட்ட சுவிட்ச் மேல மாட்டியிருக்கேன்" என்றார், மெதுவாக. "எவனாவது அப்படி மாட்டுவானா?"

"எனக்காகத்தானே மாட்டினீங்க."

"நான்தான் அணைச்சேனா?"

அவள் நிமிரவில்லை. இழுப்பறை முழுக்க மூடவில்லை. ஏதோ ஒரு கம்பி தடுத்தது. அதை உள்ளே தள்ளினாள்.

அவர் நாற்காலியை இழுத்து அதன் விளிம்பில் உட்கார்ந்தார். பெரிய கைகள் இரண்டும் அட்டையைப் பிடித்தபடி மடியில் கிடந்தன. மறுபடி ஹாரன் அடித்தது. வாசலில் அவருடைய காலணிகள் வெளிப்பக்கம் பார்த்துக் காத்திருந்தன.

"நீ பாத்தியா?"

"ம்" என்றாள். சொன்ன பிறகுதான் அது முனகலின் 'ம்' மாதிரி இருந்தது அவளுக்குக் கேட்டது.

"கூப்பிட்டேனா?"

"கூப்பிட்டீங்க."

அவர் மூச்சு விட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. முப்பது வருஷ வேலையில் ஒரு பாதியாவது தன்னிடமே இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர் போல நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மீதிப் பாதியைக் கேட்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பதில் வந்தப்புறம்தானே போட்டேன்?"